கச்சான்

போஸ்டரில் இந்தமுறை அவன் பெயர் மேலே.
போன வருசம் வரைக்கும் கீழே,
பந்தல் உதவி, ஒலியமைப்பு என்கிற வரிகளுக்குப் பக்கத்தில்
தேடித்தான் பிடிக்க வேண்டும்.
ஆரையம்பதி விளையாட்டு விழாவில்
சாக்கோட்டத்துக்கும் கயிறிழுப்புக்கும் நடுவே
ஆறு நிமிசம் தந்தார்கள்.
நாலாவதில் மைக்கைப் பிடுங்கினார்கள்.

இப்போது ஒஸ்லோ, சூரிச், பரிஸ், லண்டன், ரொறன்ரோ.
ஐந்து ஊருக்கும் ஒரே பெயர்: கச்சான்.
அங்கே பிறந்த பிள்ளைகள்
வறுத்து விற்கிற கச்சான் என்று நினைக்கிறார்களாம்.
ஆனி ஆடியில்
படுவான்கரையிலிருந்து வாவி தாண்டி வந்து
உதட்டை வெடிக்கவைத்து
சோற்றில் மண் போடுகிற காத்து அது என்று
யார் சொல்ல?
சொல்ல நான் போகவில்லை.

எனக்கு வந்தது கடிதம்.
வந்த அலுவல் முடிந்ததும் நீங்கள் நாடு திரும்புவீர்கள் என்பதில்
எமக்குத் திருப்தியில்லை.
வங்கிப் புத்தகத்தில் நாற்பத்திரண்டாயிரம்.
காணி இல்லை, கலியாணம் இல்லை.
தொழில், கைபேசி திருத்துநர், நாவற்குடா.
யதுர்சனுக்கு விசா விழுந்தது,
பீட் அடிக்கிறவனுக்கு விழவில்லை.
கட்டுநாயக்கா வரை போய்
பென்ட்ரைவைக் கையில் வைத்தேன்.
"ரெண்டு போட்டிருக்கன் மச்சான்,
ஒண்டு துலைஞ்சாலும் மற்றது கிடக்கும்."
கட்டிப்பிடிக்கவெல்லாம் இல்லை,
வான்காரன் ஹோன் அடித்துக்கொண்டு நின்றான்.

அதற்குள் என்ன இருக்கிறதென்று
சுங்கத்தில் யாரும் கேட்கவில்லை.
கல்லடிப் பழைய பாலத்தில் சைக்கிள் ஏற
இரும்புத் தகடு போடுகிற கடகடப்பு.
ஐஸ் கொம்பனியில் கட்டி உடைக்கிற அடி.
ஒஸ்லோ ஏற்பாட்டாளர் போனில் கேட்டார்,
மீன் பாடுமாமே, அதையும் கொஞ்சம் சேர்க்கலாமா?
இஞ்ச மீன் கிலோ ஆயிரத்து எண்ணூறு அண்ணன்,
அது பாடுறதில்ல, நாங்கதான் கத்துறம்.

மறுகா, என்ர இருமல்.

காத்தான்குடியில் வாங்கின தும்பு மெத்தையைக் கிழித்து
நாலு சுவரிலும் ஆணி அடித்திருந்தோம்.
சாமம் ரெண்டு மணி. நாய்கள் அடங்கிய பிறகு
ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் பதிவு.
அவன் சொல்கிறான்,
ஆரிட்டக் கேட்டு அடிக்குது காத்து.
சொல்லிவிட்டு அரைத்தாளம் சும்மா நிற்கிறான்.
அந்த அரைத்தாளத்தில்
தும்பு தொண்டைக்குள் போய் நான் இருமினேன்.
வெட்டிப் பார்த்தேன், அவன் மூச்சும் சேர்ந்து அறுந்தது.
"கிடக்கட்டும் விடு" என்றான்.

ஒஸ்லோவில் முன்வரிசையில் நாலைந்து பேர் இருமினார்களாம்.
குளிர் என்று நினைத்துவிட்டான்.

சூரிச்சில் பத்து மணி, இங்கே ஒன்றரை.
வீடியோ ஆடி ஆடி இறங்கியது.
அவன் காத்து என்று சொல்லி
மைக்கைத் தாழ்த்துகிறான்.
எழுநூறு பேர் இருமுகிறார்கள்.
தாளம் பிசகாமல், ஒரே இருமல்.
யாரோ தோளில் ஏற்றிய ஒரு பெட்டை
கையைப் பொத்தி வாயில் வைத்து,
சங்கீதம் படித்தமாதிரி அவ்வளவு சுத்தமாய்.
தமிழ் தெரியாத காவலாளி ஒருவர்
பயந்து ரெண்டடி பின்னால் போகிறார்.

பதினொரு தரம் பார்த்தேன்.
பன்னிரண்டில் டேட்டா முடிந்தது.
இருட்டில் கிடந்து யோசித்தேன்,
திரும்பி வராது என்று அவர்கள் சொன்னது
எதைப் பற்றி?

ரொறன்ரோவிலிருந்து காலை எட்டு மணிக்கு எடுத்தான்.
குரல் கட்டிப்போய்க் கிடந்தது.
புதுசு ஒன்று வேண்டுமாம், வந்த கையோடு அடிக்க வேண்டுமாம்.
யாரோ கேக் வெட்டுகிற சத்தம், பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்,
வாறன் வாறன் என்று வைத்துவிட்டான்.

கடைக்குப் போய் ஷட்டரைத் தூக்கினேன்.
வாசலெல்லாம் மண்.
இரவு முழுக்க அடித்திருக்கிறது.
தொண்டை கரகரத்து ஏறி வந்தது.
அடக்கிக்கொண்டேன்,
ரெக்கோடிங் போட்டிருக்கவில்லை.